வேகம் குறைக்கும்போது இன்ஜின் ஆஃப் ஆகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

சென்னையில் கத்திப்பாரா மேம்பாலத்தில் இருந்து கிண்டிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, பிரேக்கைத் தொட்டு, கிளட்ச்சை மிதித்ததும் இன்ஜின் ஆஃப் ஆனது. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. சாவியைத் திருப்பினேன், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அடுத்த இரண்டு வாரத்தில் இதே மாதிரி ஐந்து முறை. ஜி.எஸ்.டி. சாலையில் 80-ல் போகும்போது பிக்கப்பில் ஒரு குறையும் இல்லை. நிறுத்தப் போகும்போது மட்டும்தான் தொல்லை.

முதலில் காட்டிய இடத்தில் பெட்ரோல் பம்ப் வீக் என்றார்கள். மாற்றினேன். மூன்றாம் நாள் மத்திய கைலாஷ் சிக்னலில் மறுபடியும் ஆஃப். உண்மையான காரணம் கடைசியில் தெரிந்தது: ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்து த்ராட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டு உள்ள பாகம்) போகும் ரப்பர் ஹோஸின் மடிப்பில் ஒரு விரற்கடை வெடிப்பு. பிரேக் போடும்போது இன்ஜின் தன் மவுண்ட்டிங்கில் கொஞ்சம் அசையும். அந்த அசைவில் வெடிப்பு வாய் திறக்கும். நின்ற வண்டியில் பானட்டைத் திறந்து பார்த்தால் மூடிக்கொண்டிருக்கும்.

எப்போது ஆஃப் ஆகிறது, எப்போது ஆவதில்லை என்று முதல் நாளே யாராவது பொறுமையாகக் கேட்டிருந்தால் பம்ப்பைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. இந்தக் கோளாறில் துப்பு கிடைப்பது அந்தக் கேள்வியில்தான். செலவில்லாத சோதனையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போகலாம்.

ஆஃப் ஆனால் அந்த நொடி என்ன செய்வது

ஓடும்போது இன்ஜின் நின்றால் பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங் உதவி போய்விடும். வண்டி திரும்பும், ஆனால் இரண்டு கையாலும் பலமாகத் திருப்ப வேண்டும். பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதனால் விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். ஹஸார்ட் விளக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு மாற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி நகரும்போது சாவியை எக்காரணம் கொண்டும் வெளியே எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும். காரணம் தெரியும் வரை ஓ.எம்.ஆர்., வெளிவட்டச் சாலை போன்ற வேகமான சாலைகளைத் தவிர்ப்பது நல்லது.

புதிய வண்டியாக இருந்தால் ஒன்றை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி பல மாடல்களில் இருக்கிறது. அதற்கான பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

காலை எடுத்ததும் உள்ளே நடப்பது

இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கியரில் ஓடும்போது ஆக்சிலேட்டரை விட்டால் த்ராட்டில் மூடிக்கொள்ளும். இன்ஜினைச் சக்கரங்களே சுற்றிவிடுவதால், இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். வேகம் குறைந்து ஆர்.பி.எம். ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்ததும், அல்லது நீங்கள் கிளட்ச்சை மிதித்ததும், பெட்ரோல் திரும்ப வரும். அப்போது இன்ஜின் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். மூடிய த்ராட்டில் வழியாக ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலைக்கு, தேவையான கொஞ்சம் காற்று வர வேண்டும். அந்தக் காற்றின் அளவு இ.சி.யு.வுக்குச் சரியாகத் தெரிய வேண்டும். அதற்கேற்ற பெட்ரோல் சேர வேண்டும். இந்த மூன்றில் எது பிசகினாலும் ஆர்.பி.எம். 750-ல் நிற்காமல் கீழே போய் ஆஃப் ஆகிவிடும்.

அதிவேகத்தில் காற்று ஏராளமாக வருவதால் சின்னக் குறை தெரியாது. ஐடிலில் வரும் காற்றே கொஞ்சம் என்பதால் அதே குறை பெரிதாகிவிடும். பம்ப் வீக் என்றால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: மேம்பாலம் ஏறும்போது, ஓவர்டேக் செய்யும்போது இழுக்காது. ஏற்றத்தில் நன்றாக இழுத்து, நிறுத்தும்போது மட்டும் ஆஃப் ஆகும் வண்டியில் பம்ப்பைச் சந்தேகப் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

ஒரு வாரம் குறிப்பு எடுங்கள்

ஒவ்வொரு முறை ஆஃப் ஆனதும் ஓரமாக நிறுத்திய பிறகு ஃபோனில் எழுதி வையுங்கள். இன்ஜின் சூடா, குளிரா? ஏசி ஓடியதா? கிளட்ச் மிதித்த பிறகா, முன்பா? பிரேக்கை அழுத்தும்போதா, வெறுமனே வேகம் குறைந்தபோதா? ஸ்டியரிங்கைத் திருப்பினீர்களா? டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல்? மழை பெய்ததா? சமீபத்தில் பேட்டரி மாற்றினீர்களா, சர்வீஸ் விட்டீர்களா?

ஏசி போட்டால் மட்டும் ஆஃப் ஆனால், கம்ப்ரஸர் பளுவைத் தாங்கும் அளவுக்கு ஐடில் ஏறவில்லை என்று பொருள். சென்னையில் வருடம் முழுக்க ஏசி ஓடுவதால் இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு நாள் வேர்த்தாலும் பரவாயில்லை, ஏசியை அணைத்து ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை மிதித்தால் மட்டும் என்றால் பிரேக் பூஸ்டர், அதன் ஹோஸ், அல்லது என் வண்டியில் இருந்தது போல இன்ஜின் அசைவில் திறக்கும் வெடிப்பு. பெட்ரோல் போட்டு வெளியே வந்ததும் தடுமாறினால், டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு. கால் டேங்க்குக்குக் கீழே இறங்கும்போது மட்டும் என்றால், பிரேக்கில் பெட்ரோல் முன்பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி மாற்றிய மறுநாளில் இருந்து என்றால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. இ.சி.யு. கற்றுவைத்திருந்த ஐடில் கணக்கு அழிந்திருக்கும், அதை மறுபடி கற்றுக்கொடுத்தால் போதும்.

ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள்

விடியற்காலையில் ஆளில்லாத ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்க்கட்டும். 40-ல் போய் காலை எடுத்து மெதுவாக நிறுத்துங்கள். கிளட்ச்சை மிதித்ததும் முள் 400, 500 வரை விழுந்து, தடுமாறி, பிறகு அணைந்தால் அது காற்று அல்லது காற்று-பெட்ரோல் கலவைக் கோளாறு. கிளட்ச்சை மிதிக்காமல் கியரிலேயே வண்டி உருளும்போது முள் திடீரென்று பூஜ்யத்துக்குப் போனால் கதை வேறு. சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது முள் விழக் கூடாது. விழுந்தால் இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயரிங்.

கிராங்க் சென்சாருக்கு இன்னொரு குணமும் உண்டு. பெரும்பாலும் சூட்டில்தான் மக்கர் செய்யும். ஏப்ரல், மே வெயிலில் ஊர்ந்து போகும் நெரிசலில் ஆஃப் ஆகி, எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எடுக்காமல், 20 நிமிடம் ஆறிய பிறகு ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் போடுவது

2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். சாதாரண புளூடூத் ஸ்கேனரும் ஃபோனும் போதும். செக் இன்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் இ.சி.யு.வில் தேங்கியிருக்கும் கோடுகள், அதாவது கோளாறுக் குறியீடுகள், கிடைக்கலாம். பி0506 என்றால் ஐடில் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட். பி0441 பர்ஜ் ஓட்டத்தில் கோளாறு.

கோடில் சென்சார் பெயர் வந்தவுடன் அந்தச் சென்சாரை மாற்றச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். பெட்ரோல் போதவில்லை என்று ஆக்சிஜன் சென்சார் சொன்னால், கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது என்றும் அர்த்தம் இருக்கலாம். சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

கோடைவிட எனக்கு உதவியது ஃப்யூல் ட்ரிம் எண். இ.சி.யு. தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று அது காட்டும். குறுகிய கால எண்ணையும் நீண்ட கால எண்ணையும் கூட்டிப் பாருங்கள். இரு பக்கமும் 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலில் 20 காட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் 3, 4-க்கு இறங்கினால் எங்கோ ஏர் லீக். என் வண்டியில் நின்ற இடத்தில் 5 என்று சாதுவாக இருந்த எண், ஓட்டத்தில் பிரேக் போட்டு ஐடிலுக்கு வந்ததும் 18-க்குத் தாவியது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த ஹோஸைக் கையால் வளைத்துப் பார்க்கத் தோன்றியது.

த்ராட்டில் பாடி

கோடு எதுவும் இல்லை, வண்டி 40,000, 50,000 கிலோமீட்டர் ஓடியது, இதுவரை சுத்தம் செய்ததில்லை என்றால் இங்கே தொடங்குங்கள். த்ராட்டில் தட்டின் விளிம்பில் கார்பனும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, ஐடில் காற்று போகும் மயிரிழை இடைவெளியை அடைத்துவிடும். பழைய மாடல்களில் தனியாக ஐடில் வால்வு இருக்கும். அதன் ஊசி முனையிலும் இதே பிசுக்கு.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஏர் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் சுத்தம் செய்ய வேண்டியதுதான். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நேராகப் பீய்ச்சினால் சென்சாருக்குள் போகும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால், இக்னிஷன் ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விடவே கூடாது. தட்டு சட்டென்று மூடும்.

சுத்தம் செய்த பிறகு ஐடில் ஒரு நாள் இரண்டு நாள் ஏறி இறங்கலாம். பழைய அடைப்புக்கு ஏற்ப இ.சி.யு. தட்டை அதிகம் திறந்து பழகியிருக்கும். ஐடிலை இ.சி.யு.வுக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் ரீலேர்ன் முறை மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும்; பலவற்றுக்கு ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜினைச் சூடாகும் வரை ஓடவிட்டு, பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம் விட்டால் போதும்.

ஏர் லீக் தேடுவது

நேரமும் பொறுமையும் அதிகம் கேட்பது இதுதான். இங்கே அவசரப்பட்டவர்கள்தான் வீணாகப் பாகங்களை மாற்றுகிறார்கள்.

முதலில் உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாயில் நான்கைந்து வயருடன் ஒரு சென்சார் இருந்தால் அது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார். இரண்டே வயர் என்றால் அது வெறும் வெப்பநிலை சென்சார். அந்த வண்டி, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடுகிறது. முதல் வகையில், சென்சாரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது. கலவையில் பெட்ரோல் போதாமல் வண்டி ஆஃப் ஆகும். மேப் வகையில் அதே ஓட்டை பெரும்பாலும் ஐடிலை ஏற்றிவிடும். ஆனால் மேப் சென்சாருக்குப் போகும் சிறு ஹோஸ் வெடித்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து, புகைக்குழாயில் பெட்ரோல் வாடை அடித்து, வண்டி மூச்சடைத்து நிற்கும்.

தேட வேண்டிய இடங்கள்: ஏர் ஹோஸின் மடிப்புகள், பி.சி.வி. ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப எரிக்க அனுப்பும் ஹோஸ்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டர் சீல், ஆயில் மூடி, டிப் ஸ்டிக். ஹோஸை மேலோட்டமாகப் பார்ப்பதோடு விட்டுவிடாமல், வளைத்து, இழுத்து, அடிப்பக்கம் விரலைவிட்டுத் தடவுங்கள். நம்ம ஊர்ச் சூட்டில் ரப்பர் அப்பளமாக நொறுங்கும்.

பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில், இன்ஜினை ஓடவிட்டு, ஒரு சாதாரண ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு இணைப்பின் மேலும் மெல்லிசாக அடியுங்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும், ஐடில் சத்தம் மாறும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். காயில், வயர் கனெக்டர் மேல் தண்ணீரும் அடிக்காதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் சுற்றத் தொடங்கும், கை பத்திரம்.

ஓட்டை இருந்தும் தண்ணீரில் சிக்காவிட்டால், மேனிஃபோல்டுக்குள் புகை செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் வசதி உள்ள பட்டறைக்குப் போங்கள். ஒரு பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதற்கு ஆகும் பணத்தைவிட அது மலிவு.

பிரேக் பூஸ்டருக்கு ஒரு நிமிடச் சோதனை

இன்ஜின் அணைந்திருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை மிதித்து, இறுகியதும் அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் நல்லது. அடுத்து, ஓடும் இன்ஜினில் பெடலை மிதித்து உஸ்ஸென்ற சத்தம் தொடர்ந்து வருகிறதா, ஐடில் தடுமாறுகிறதா என்று கேளுங்கள். வந்தால் பூஸ்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் நெரித்ததும் ஐடில் சீராகிவிட்டால் சந்தேகம் உறுதி. ஆஃப் ஆகும் தொல்லையோடு பிரேக்கையும் பாதிக்கும் என்பதால், இதைத் தள்ளிப்போடாமல் அன்றே சரிசெய்ய வேண்டும்.

பர்ஜ் வால்வும் இ.ஜி.ஆரும்

பர்ஜ் வால்வு, டேங்க்கில் சேரும் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும். மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்க வேண்டும். கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போனால் கெட்டுவிட்டது. எரிந்த புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்குத் திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வு கார்பனால் திறந்தபடி மாட்டிக்கொண்டால், எரிந்த புகையே ஐடிலில் உள்ளே வந்து இன்ஜினைத் திணறவைக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் பல நேரம் சரியாகிவிடும்.

மின்சாரப் பக்கம்

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். அணைந்த நிலையில் 12.6 வோல்ட் பக்கமும், ஐடிலில் ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் போட்டபடி 13.5-க்கு மேலும் இருக்க வேண்டும். சில புதிய வண்டிகள் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரைத் தானே குறைக்கும். அவற்றில் எண் கொஞ்சம் தாழ்ந்து தெரிந்தால் பதற வேண்டாம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் வண்டியை வெளியே நிறுத்துபவர்கள் எர்த் வயர்களைத் தவறாமல் பாருங்கள். உப்புக் காற்றில் போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்திருக்கும். பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில், எல்லாம் ஓடும்போது, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மழைக்காலத்தில் அடுக்குமாடிப் பார்க்கிங்கில் எலி வயரைக் கடிப்பது இந்த ஊரில் சாதாரணம்; சென்சார் வயரில் செம்பு தெரிகிறதா என்று தேடுங்கள். 2015 டிசம்பரிலோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீரில் நின்ற பழைய காரை வாங்கியிருந்தால், கனெக்டர்களைக் கழற்றிப் பார்க்கும் வரை வேறு எதையும் நம்ப வேண்டாம்.

பெட்ரோல்

இவ்வளவுக்கும் பிறகு பம்ப், ஃபில்டர். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் விவரத்தில் உண்டு. கேஜ் மாட்டி அளக்காமல் பம்ப்பை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் அளவு எரிபொருள் வேண்டும். இதுவரை இ.சி.யு. சமாளித்துவந்த சின்ன ஏர் லீக், பழைய வண்டியில் இதனாலேயே வெளியே தெரியலாம்.

மற்ற வகை வண்டிகள்

ஆட்டோமேட்டிக்கில், நிற்பதற்குக் கொஞ்சம் முன் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். நியூட்ரலில் அணையாமல், டி-யில் மட்டும் உலுக்கி ஆஃப் ஆனால், இன்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் விடாமல் பிடித்திருக்கலாம். ஏ.எம்.டி.யில் (மேனுவல் கியரைத் தானே மாற்றும் வகை) இதே அறிகுறி, கிளட்ச்சை இயக்கும் ஆக்சுவேட்டரைக் காட்டும். சி.என்.ஜி. வண்டியைப் பெட்ரோலில் இரண்டு நாள் ஓட்டுங்கள். தொல்லை நின்றால் கேஸ் ஃபில்டர், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர் பக்கம் போங்கள். டீசலில் ஃபில்டரில் தண்ணீர், குழாயில் காற்று, இ.ஜி.ஆர்., பிறகு ஹை பிரஷர் பம்ப்பில் இருக்கும் சக்ஷன் கண்ட்ரோல் வால்வு. அந்த வால்வு ஒட்டிக்கொண்டால் காலை எடுத்ததும் இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான ரெயிலில் அழுத்தம் நிலைகொள்ளாமல் இன்ஜின் நிற்கும்.

பட்டறையிலும் கடையிலும்

"வண்டி ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் குறிப்பைக் காட்டி, "அண்ணா, ஏசி இல்லாமலும் வருது, பிரேக் மிதிச்சாதான் வருது, முள் 400-க்கு விழுந்து அணையுது" என்று சொல்லுங்கள். கூடவே ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாக வருவார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹோஸ், கேஸ்கெட் வாங்க ஜி.பி. ரோடு வசதி. கழற்றிய பழைய ஹோஸைக் கையோடு எடுத்துப் போனால் அளவு மாறாது. புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி, பம்பர் தாராளமாக வாங்கலாம். கிராங்க் சென்சாரையும் ஐடில் வால்வையும் அங்கே பழசாக வாங்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரியாத பாகத்தை மாட்டினால், கோளாறு பாகத்திலா வேறெங்காவதா என்று மறுபடி குழப்பம் வரும்.

சரிசெய்த பிறகு கோடுகளை அழித்துவிட்டு, எந்த நிலைமையில் ஆஃப் ஆனதோ அதே நிலைமையை உண்டாக்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசி முழு வேகத்தில், ஹெட்லைட் போட்டபடி, 40-ல் இருந்து பத்து முறை நிறுத்துங்கள்: ஐந்து முறை மெதுவாக, ஐந்து முறை சட்டென்று. ஒருமுறைகூட முள் 600-க்குக் கீழே போகக் கூடாது. மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் மறுபடி ஐந்து முறை. ஒரு வாரம் கழித்து ஃப்யூல் ட்ரிம் எண்ணைத் திரும்பப் பாருங்கள். 10-க்குள் நின்றால் கத்திப்பாராவில் ஏறலாம்.